பழைய கணிப்பொறியும் பொருந்தாத நினைவகமும்

பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த மேசைக் கணிப்பொறி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறைந்துவிட்டது. "ரேம் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்கிறார்கள். கடையில் கேட்டு ஒன்றை வாங்கி வந்து பொருத்துகிறீர்கள். பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது. திரை மட்டும் இருண்டே கிடக்கிறது. உள்ளிருந்து 'பீப், பீப்' என்று ஓர் ஓலம். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் போட்டுப் பார்த்தாலும் சில வேளைகளில் அதே நிலைதான். "போர்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு பல வேளைகளில் அவசரத் தீர்ப்பாகும். பொறி சாகவில்லை, அதற்கும் அதன் நினைவகத்திற்கும் இடையே பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது, அவ்வளவே. அது எந்த இடத்தில் முறிந்தது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும் ஓர் ஒழுங்கு முறையும் போதும்.

கருக்களாச்சேரி போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியமானது. காரைக்கால் மாவட்டத்தின் கடலோர மீனவ ஊர்களில் ஒன்று அது. வங்கக் கடலின் உப்புக் காற்று வீட்டுக்குள் வந்து போகும் இடத்தில், உள்நாட்டு ஊர்களில் இல்லாத ஒரு கோளாறு முதலில் வந்து நிற்கும். அதை அறியாதவர்கள் நல்ல பொறியைக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள்.

கடற்கரைக் கிராமத்தில் ஒரு கணிப்பொறிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரியே விடை சொல்லியிருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரில், கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பைக் கணிப்பொறி வழியாகப் பெற்று, ஒலிபெருக்கியில் மக்களுக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்ற மற்றொரு மீனவ ஊரில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை ஊருக்குச் சொல்ல உதவியது இத்தகைய மையத்தின் ஒலிபெருக்கிதான். இன்று அலைச் செய்தி கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. ஆனால் பள்ளிப் பிள்ளை தட்டச்சு பழகவும், விண்ணப்பங்கள் நிரப்பவும், சங்கத்தின் வரவு செலவு எழுதவும் பெரிய திரையும் விசைப்பலகையும் உள்ள பழைய பொறிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அது மூலையில் முடங்கினால் இழப்பு நமக்கே.

நினைவகம் எப்படி நினைக்கிறது?

கோளாறைப் புரிந்துகொள்ள, நினைவகம் வேலை செய்யும் விதத்தைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் என்ற பொறியாளர் ஓர் எளிய வழியைக் கண்டார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்னஞ்சிறு மின்தேக்கி. இவ்விரண்டும் சேர்ந்து ஓர் அறை. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லையேல் 0. ஓர் அறை ஒரு பிட்டை நினைவில் வைக்கும். 1970-இல் இன்டெல் நிறுவனம் '1103' என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 1,024 அறைகள் இருந்தன. இன்று 4 கிகாபைட் நினைவகம் ஒன்றில் ஏறத்தாழ 3,436 கோடி அறைகள் இருக்கின்றன!

இந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. ஊற்றி வைத்த மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு அறையையும் படித்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ பதினாறு முறை, எல்லா அறைகளும் புதுப்பிக்கப்படுகின்றன. மின்சாரம் நின்றால் நினைவு போய்விடுவதும் இதனால்தான்.

இத்தனை கோடி அறைகளில் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எப்படி? தெருவும் வீட்டு எண்ணும் போல, ஒவ்வோர் அறைக்கும் வரிசை எண் ஒன்றும் பத்தி எண் ஒன்றும் உண்டு. கணிப்பொறியில் உள்ள நினைவகக் கட்டுப்படுத்தி என்ற பகுதி, முதலில் வரிசை எண்ணையும் பிறகு பத்தி எண்ணையும் அதே முகவரிக் கம்பிகள் வழியாக அனுப்புகிறது. அறை பதில் தருகிறது. இது உரிய நேரத்தில், உரிய மின்னழுத்தத்தில், உரிய கம்பியில் நடக்க வேண்டும்.

ஆக, நினைவகம் பொருந்துவதற்கு நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. தொடுமுனை தொட வேண்டும். இனம் ஒன்றாக இருக்க வேண்டும். முகவரி எட்ட வேண்டும். நேரம் இசைய வேண்டும். இவற்றில் எது தவறினாலும் திரை இருட்டுத்தான். இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் எதிரி: உப்பு

நினைவகத் தகட்டின் விளிம்பில் மஞ்சள் நிறத்தில் வரிசையாகப் பளபளப்பவை தங்க முலாம் பூசிய தொடுமுனைகள். தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அந்த முலாம் பொதுவாக ஒரு மைக்ரோமீட்டர் தடிமனும் இல்லாதது; தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்று சொல்லலாம். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. முலாமுக்கு அடியில் நிக்கலும் அதற்கும் அடியில் செம்பும் இருக்கின்றன.

இனி உப்பின் குணத்தைப் பாருங்கள். சமையல் உப்பு மழைக்காலத்தில் கசிந்து நீர் விடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு, காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடுகிறது. கடற்கரையில் விடியற்காலைகளிலும், ஐப்பசி கார்த்திகை மழை நாள்களிலும் ஈரப்பதம் இந்த அளவை எளிதில் தாண்டும். கணிப்பொறியின் விசிறி காற்றோடு சேர்த்து உப்புத் தூசியையும் உள்ளே இழுத்துப் படிய வைக்கிறது. இரவில் அந்தத் தூசி மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. உப்புநீரில் உள்ள குளோரைடு அந்த நுண்துளைகள் வழியே இறங்கி நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. அரிப்பில் பிறந்த பொருள் மேலே வந்து முலாமின் மீது படர்கிறது. அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

இன்னொன்றும் உண்டு. பொறி ஓடும்போது சூடாகி விரிகிறது. நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்குகிறது. இதனால் தகடும் அதைப் பிடித்திருக்கும் ஸ்லாட்டும் ஒன்றன்மீது ஒன்று மயிரிழை அளவு உராய்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் முலாம் தேய்ந்து, தொடுதலும் தளர்ந்துவிடும்.

ஒரு தகட்டில் 240 முனைகள் இருந்தால், அவற்றில் முக்கியமான ஒன்று தொடாவிட்டாலும் பொறி எழும்பாது. நீங்கள் புதிய ரேம் போடுவதற்காகப் பழையதை அசைத்தீர்கள் அல்லவா? அது வரை எப்படியோ தொட்டுக்கொண்டிருந்த முனை, அந்த அசைவில் அழுக்கின்மீது போய் உட்கார்ந்திருக்கலாம். "புதிய ரேம் போட்டதால் பழையதும் போய்விட்டது" என்று தோன்றுவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே.

எனவே, கடற்கரை ஊரில் எந்த முடிவுக்கும் வருமுன் துடைக்க வேண்டும். மின்கம்பியைச் சுவரிலிருந்து முழுமையாகப் பிடுங்குங்கள். இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியைக் கையால் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னேற்றத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கியை விலக்கித் தகட்டை நேராக மேலே எடுங்கள். விளிம்பைப் பிடியுங்கள், தங்க முனைகளில் விரல் படவேண்டாம். வியர்வையும் உப்புத்தான்.

மின்னணுக் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நூல் உதிராத துணியை நனைத்து, முனைகளை மேலிருந்து கீழாகத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். கறை போகாவிட்டால் மட்டும் மென்மையான பென்சில் ரப்பரால் ஓரிரு முறை மெதுவாகத் தேய்க்கலாம். அழுத்தித் தேய்த்தால் அந்த மெல்லிய முலாமே போய்விடும். அதன் பிறகு உப்புக்கு வாசல் திறந்த மாதிரிதான். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. கை கழுவும் சானிடைசர், பெட்ரோல், மண்ணெண்ணெய் இவை எதுவும் வேண்டாம். சானிடைசரில் நீரும் பசைப் பொருளும் கலந்திருக்கும். ஸ்லாட்டைத் தூசி போக மென்மையான தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் உள்ளே போகும்.

இந்த ஒரு வேலையிலேயே கணிசமான பொறிகள் எழுந்துவிடும். எழாவிட்டால் அடுத்த நிபந்தனைக்குப் போவோம்.

இனம் பார்த்துச் சேர்

'ரேம்' என்ற ஒரே பெயரில் பல இனங்கள் உண்டு. ஜெடெக் என்ற தர அமைப்பு இவற்றின் அளவுகளை வரையறுத்துள்ளது. மேசைக் கணிப்பொறிகளில் நீங்கள் காணக்கூடியவை இவை:

எஸ்.டி. ரேம்: 168 முனைகள், 3.3 வோல்ட்.
டி.டி.ஆர். (2000): 184 முனைகள், 2.5 வோல்ட்.
டி.டி.ஆர். 2 (2003): 240 முனைகள், 1.8 வோல்ட்.
டி.டி.ஆர். 3 (2007): 240 முனைகள், 1.5 வோல்ட்.
டி.டி.ஆர். 4 (2012): 288 முனைகள், 1.2 வோல்ட்.
டி.டி.ஆர். 5 (2020): 288 முனைகள், 1.1 வோல்ட்.

அடைப்புக்குறிக்குள் இருப்பது தரம் வெளியான ஆண்டு. தலைமுறைக்குத் தலைமுறை மின்னழுத்தம் குறைந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். அறைகள் சிறிதாகச் சிறிதாக, குறைந்த அழுத்தமே அவற்றுக்குப் போதும், சூடும் குறையும்.

டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் முனைகள் 240 தான். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக்கூடாது. தகட்டின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டில் அதற்கேற்ற மேடு இருக்கும். இனத்துக்கு இனம் இந்த வெட்டின் இடம் மாறுகிறது. தவறான மின்னழுத்தத்தில் மாட்டாமல் காக்கவே இந்த ஏற்பாடு. எனவே தகடு இறங்கவில்லை என்றால் அமுக்காதீர்கள். அது வேறு இனம், அல்லது நீங்கள் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். அமுக்கி இறக்கி மின்சாரம் கொடுத்தால் தகட்டோடு தாய்ப்பலகையும் போய்விடும்.

சில மலிவான தாய்ப்பலகைகளில், அதாவது மதர்போர்டுகளில், டி.டி.ஆர். 2-க்கு இரண்டு ஸ்லாட், டி.டி.ஆர். 3-க்கு இரண்டு ஸ்லாட் என்று இரு வகையும் இருக்கும். இரண்டில் ஏதாவது ஒரு வகையை மட்டுமே பயன்படுத்தலாம். இரண்டையும் ஒருசேரப் பொருத்தினால் பொறி எழாது.

வெட்டு பொருந்தியும் ஒத்துப்போகாத ஓர் இனம் உண்டு. பெரிய நிறுவனங்களின் சர்வர் பொறிகளிலிருந்து கழற்றிய நினைவகம், பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். அதில் கட்டளைகளை இடையில் வாங்கி நிறுத்தி அனுப்பும் 'ரெஜிஸ்டர்' என்ற தனிச் சில்லு தகட்டின் நடுவே இருக்கும். டி.டி.ஆர். 3 காலத்துச் சர்வர் தகடு சாதாரணப் பொறியின் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் சாதாரணப் பொறிக்கு அதனோடு பேசத் தெரியாது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கினால் முழு விலையும் நட்டம்.

முகவரி எட்டாத அறைகள்

இனம் சரி, வெட்டு சரி, முனையும் தூய்மை, இருந்தும் எழவில்லை. இப்போது பலரையும் திணறடிக்கும் மூன்றாவது நிபந்தனைக்கு வருகிறோம்.

எடுத்துக்காட்டாக, 2008-இல் இன்டெல் வெளியிட்ட ஜி 41 என்ற சிப்செட் உள்ள பலகையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் கூட்டிச் சேர்த்து விற்ற எத்தனையோ மேசைக் கணிப்பொறிகளில் இது இருந்தது. டி.டி.ஆர். 3 ஸ்லாட் உள்ள ஜி 41 பலகைக்கு 4 கிகாபைட் தகடு ஒன்று வாங்குகிறீர்கள். ஒரு கடையில் வாங்கியது ஓடுகிறது. மற்றொரு கடையில் வாங்கியது ஓட மறுக்கிறது. இரண்டும் 4 கிகாபைட், இரண்டும் டி.டி.ஆர். 3, வேகமும் ஒன்றே. பிறகு ஏன்?

தகட்டைத் திருப்பிப் பாருங்கள், சில்லுகளை எண்ணுங்கள். ஓடுகிற தகட்டில் இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 கிகாபிட். எட்டுப் பிட் ஒரு பைட் ஆகையால், பதினாறு சில்லுகளின் 32 கிகாபிட், 4 கிகாபைட் ஆகிறது. ஓடாத தகட்டில் ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 4 கிகாபிட். கூட்டினால் அதே 4 கிகாபைட்தான். ஆனால் சில்லின் அடர்த்தி இரு மடங்கு.

2 கிகாபிட் சில்லில் ஓர் அறையைத் தேட வரிசை எண்ணுக்கு 15 முகவரிப் பிட்டுகள் போதும். 4 கிகாபிட் சில்லுக்கோ 16 பிட்டுகள் வேண்டும். ஜி 41 வடிவமைக்கப்பட்டபோது 2 கிகாபிட் வரையிலான சில்லுகளையே அது கையாளும்படி அமைத்தார்கள். பதினாறாவது பிட்டைச் சொல்ல அதற்கு வழியில்லை. ஐந்து இலக்கம் மட்டுமே எழுதத் தெரிந்த தபால்காரரிடம் ஆறு இலக்க முகவரியைக் கொடுத்தது போலத்தான். தகடும் நல்லது, பலகையும் நல்லது, முகவரிதான் எட்டவில்லை. எத்தனை முறை துடைத்தாலும் இது மாறாது.

இதே குறை இன்னும் பழைய பொறிகளில் வேறு உருவில் தோன்றும். 1998-இல் வந்த இன்டெல் 440 பி.எக்ஸ். சிப்செட் உள்ள பலகையில், 256 மெகாபிட் சில்லுகள் எட்டு உள்ள 256 மெகாபைட் தகட்டைப் போட்டால், பொறி எழும். ஆனால் 128 மெகாபைட் என்றுதான் காட்டும். பாதி அறைகளின் முகவரி அதற்குச் சொல்லத் தெரியாது. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று சண்டைக்குப் போகுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டி.டி.ஆர். 2 இனத்தில் 'ஏ.எம்.டி. பொறிக்கு மட்டும்' என்ற குறிப்போடு மலிவான 4 கிகாபைட் தகடுகள் விற்கப்படுகின்றன. அவற்றின் சில்லுகளுக்குப் பத்தி எண்ணுக்கு 11 பிட்டுகள் வேண்டும். ஏ.எம்.டி. செயலிகளில் உள்ள கட்டுப்படுத்தி அதைச் சொல்லும். அக்கால இன்டெல் மேசைக் கணிப்பொறி சிப்செட்டுகளுக்குப் பத்துப் பிட்டுக்கு மேல் சொல்ல வராது. அந்தச் சிறு குறிப்பைப் படிக்காமல் வாங்கியவர்கள் பலர்.

நேரம் இசைதல்

ஒவ்வொரு தகட்டிலும் ஓர் ஓரத்தில் மிகச் சிறிய தனிச் சில்லு ஒன்று இருக்கும். அது அந்தத் தகட்டின் ஜாதகம் எனலாம். எத்தனை வரிசை, எத்தனை பத்தி, என்ன மின்னழுத்தம், எந்த வேகம், கட்டளைக்கும் பதிலுக்கும் இடையே எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 தகடுகளில் இதற்கு 256 பைட் இடம். பொறியை இயக்கியதும் 'பயாஸ்' என்னும் தொடக்க நிரல் முதலில் இந்த ஜாதகத்தைப் படித்துத்தான் கட்டுப்படுத்தியை அமைக்கிறது.

வேகம் வேறான இரண்டு தகடுகளைச் சேர்த்தால் என்ன ஆகும்? 1333 வேகத் தகடும் 1066 வேகத் தகடும் சேர்ந்தால் இரண்டும் 1066-இல் ஓடும். இரட்டை மாட்டு வண்டியில் மெதுவான மாட்டின் நடைதானே வண்டியின் நடை! இது கோளாறு அன்று. ஆனால் சில பழைய பயாஸ்களுக்குப் புதிய தகட்டின் ஜாதகம் முழுவதும் புரியாது. தவறான நேரத்தை அமைத்துவிடும். அப்போது பொறி எழும். சற்று நேரத்தில் நீலத்திரை காட்டியோ, தானே அணைந்து எழுந்தோ தொல்லை கொடுக்கும். பலகை செய்த நிறுவனம் பயாஸின் புதிய பதிப்பு வெளியிட்டிருந்தால் அதனால் தீரலாம். அதை மாற்றும்போது நடுவில் மின்சாரம் போனால் பலகையே பயனற்றுப் போகக்கூடும். ஆகவே யு.பி.எஸ். இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

மின்னழுத்தத்திலும் ஒரு நுட்பம் உண்டு. டி.டி.ஆர். 3-இல் 'எல்' என்ற எழுத்து சேர்ந்த வகை 1.35 வோல்ட்டில் ஓடுவது. அது 1.5 வோல்ட்டையும் தாங்கும் என்பது தர விதி. எனவே பழைய பலகையில் அதைப் போடலாம். ஆனால் 1.35 மட்டுமே தரும் பலகையில் 1.5 வோல்ட் தகட்டைப் போட்டால் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சோதிக்கும் முறை

இனி, எதிரில் ஓடாத பொறி இருக்கிறது. என்ன செய்வது? ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்வது என்பதே இதில் பொன்விதி. இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று ஒருநாளும் தெரியாது. ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டே செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே உள்ளே கை வையுங்கள்.

முதலாவது: எல்லா நினைவகத்தையும் கழற்றிவிட்டுப் பொறியை இயக்குங்கள். விந்தையாகத் தோன்றும், ஆனால் மிகப் பயனுள்ள சோதனை இது. பலகையில் ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர் இருந்து, பொறி 'பீப்' என்று அலறினால், செயலியும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். "நினைவகத்தைக் காணோம்" என்று அவை முறையிடுகின்றன. ஸ்பீக்கர் இருந்தும் ஒலியே இல்லையென்றால் குறை வேறிடத்தில்: பவர் சப்ளை, செயலி அல்லது பலகை. பலகையில் செயலிக்கு அருகே நிற்கும் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம்.

இரண்டாவது: முன்பு ஓடிக்கொண்டிருந்த பழைய தகடு ஒன்றை மட்டும், துடைத்து, முதல் ஸ்லாட்டில் பொருத்துங்கள். இரு முனையிலும் கொக்கி 'டக்' என்று தானே விழ வேண்டும். எழாவிட்டால் அதே தகட்டை அடுத்த ஸ்லாட்டில் வையுங்கள். ஒன்றில் எழுந்து மற்றதில் எழாவிட்டால், குறை ஸ்லாட்டில்.

மூன்றாவது: பயாஸின் பழைய அமைப்புகளை அழியுங்கள். பலகையில் நாணயம் போல இருக்கும் 3 வோல்ட் மின்கலத்தை, மின்கம்பி பிடுங்கிய நிலையில், ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போடலாம். பத்தாண்டு ஆன மின்கலம் என்றால் புதியதே போட்டுவிடுங்கள். சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

நான்காவது: புதிய தகட்டை மட்டும் தனியே போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது: தனித்தனியே ஓடுகிற இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

இந்த ஐந்திலிருந்து கிடைக்கும் முடிவு தெளிவானது. புதிய தகடு எந்த ஸ்லாட்டிலும் எழவில்லை, ஆனால் வேறொரு பொறியில் ஓடுகிறது என்றால், அது உங்கள் பலகைக்குப் பொருந்தாதது. எந்தப் பொறியிலும் எழவில்லை என்றால், அது பழுது. தனித்தனியே நலமாக ஓடி, சேர்ந்தால் மட்டும் முரண்டு பிடித்தால், இசைவுக் கோளாறு. ஒரே வகைத் தகடாக இரண்டு போட்டால் தீரும்.

ஒலிகளையும் கவனியுங்கள். ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் பழைய பயாஸில் மூன்று குறும் ஒலி நினைவகக் கோளாறைக் குறிக்கும். அவார்டு பயாஸில் நிற்காமல் திரும்பத் திரும்ப வரும் நீண்ட ஒலி அதைக் குறிக்கும். ஒரே ஒரு குறும் ஒலி கேட்டுத் திரையும் வந்தால் எல்லாம் நலம் என்று பொருள்.

பொறி எழுந்த பிறகும் வேலை முடியவில்லை. சில அறைகள் மட்டும் பழுதாக இருந்தால், அது உடனே தெரியாது. நீங்கள் எழுதிய கணக்கில் ஓர் எண் மாறிப்போய், கோப்பு கெட்டு, பல நாள் கழித்துத் தெரியவரும். ஓடாத பொறியைவிட ஆபத்தானது இதுதான். 'மெம்டெஸ்ட் 86 பிளஸ்' என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பொறியை இயக்குங்கள். அது ஒவ்வோர் அறையிலும் பலவகைக் கோலங்களை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த நிலையில் பொறியை நம்ப வேண்டாம். தகடுகளைத் தனித்தனியே வைத்து மறுபடி சோதித்து, குற்றவாளியைப் பிடியுங்கள்.

வாங்கப் போகும்போது

பழைய தகட்டையே கையில் எடுத்துச் செல்லுங்கள். பலகையின் பெயரும் எண்ணும் அதன்மீதே அச்சிட்டிருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று பலகையின் கையேட்டில் பாருங்கள். ஜி 41 பலகைக்கு டி.டி.ஆர். 3 என்றால் "பதினாறு சில்லு உள்ள 4 கிகாபைட்" என்று கேட்டு, எண்ணிப் பார்த்து வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ பழைய தகடு வாங்கினால், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகப் பேசி, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

பொருத்திய பிறகு 4 கிகாபைட்டில் 3.25 என்று மட்டும் காட்டுகிறதா? உங்கள் விண்டோஸ் 32 பிட் வகையாக இருக்கும். 32 பிட்டால் 4 கிகாபைட் முகவரிகள்தான் எழுத முடியும். அதிலும் ஒரு பகுதியைத் திரை அட்டை முதலியவற்றுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். செயலி இடம் தந்தால் 64 பிட் இயங்குதளத்துக்கு மாறுவதே வழி. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் பொதுவாக முடிந்துவிட்டது. பழைய பொறிக்கு லினக்ஸ் இனத்தில் எடை குறைந்த இயங்குதளம் ஒன்றைப் போடலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஆதரவு தருவது.

கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். பொறியைக் கடல் பக்கத்துச் சன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அணைத்துப் போடாமல் வாரத்துக்கு ஓரிரு மணி நேரமாவது ஓட்டுங்கள். உள்ளே பிறக்கும் மிதமான சூடு ஈரத்தை உலர்த்தும். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குமுன் புரட்டாசியிலேயே, தூசி தட்டித் தொடுமுனைகளைத் துடைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து பலகைதான் பழுது என்று உறுதியானால், அதைக் கடற்கரையிலோ குப்பை மேட்டிலோ எறியாதீர்கள். பழைய பலகைகளின் பற்றாசில் ஈயம் இருக்கக்கூடும். மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சேருங்கள். அதில் இருக்கும் நல்ல நினைவகத் தகட்டை மட்டும் கழற்றி, உறையில் இட்டு, எந்த இனம், எத்தனை சில்லு என்று எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணிப்பொறி ஒருநாள் 'பீப்' என்று அலறும்போது, அந்த உறை உதவும்.